நூற்றுக்கு நூறு மூச்சு

பியூலா சிஸ்டரின் மூச்சைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். மேலச்சத்திரம் அரசு மருத்துவமனையில், நெஞ்சு நோய்ப் பிரிவின் வெளிநோயாளிகள் கூடத்தில், மருந்துச் சன்னலுக்கு நேர் மேலே. மூச்சுக்கு எப்படிச் சட்டம் போடுவது என்று கேட்டால், நீலக் கோடாகப் போட வேண்டும். அடியிலிருந்து நிதானமாக எழும்பி, எங்கேயும் ஒரு முடிச்சு விழாமல் உச்சிக்குப் போய், பத்து விநாடி அப்படியே நின்று, அலுங்காமல் இறங்கும் கோடு. அதன் கீழே ‘மாதிரி மூச்சு: தலைமைச் செவிலியர் ஞா. பியூலா’ என்று அச்சடித்திருந்தது.

உயிரோடு இருக்கும்போதே சுவரேறிய மூச்சு தமிழ்நாட்டில் தன்னுடையது ஒன்றுதான் என்று அவள் சொல்லிக்கொள்வாள். அடக்கமாகத்தான் சொல்வாள், ஆனால் நாளைக்கு நாலு தடவை சொல்வாள். காலையில் பணிக்கு வந்ததும் முதல் வேலையாகக் கைக்குட்டையால் அந்தக் கண்ணாடியைத் துடைப்பாள். துப்புரவுப் பணியாளர்கள் துடைத்தால் கீறல் விழும் என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தாள்.

செவ்வாய்க் கிரகத்தில் கீரை பயிரிட ஆரம்பித்துவிட்ட காலம் அது. மேலச்சத்திரத்தில் அப்போதும் நூற்பாலைகள்தான். ஊரில் பாதிப்பேர் சோற்றோடு பஞ்சுத் தூசியையும் தின்று வளர்ந்தவர்கள். அதனால் வீசிங் இல்லாத வீட்டில் பெண் எடுப்பதென்றால் பக்கத்து ஊருக்குத்தான் போக வேண்டும் என்பார்கள். எல்லார் மடியிலும் ஒரு நீலப் பம்பு இருக்கும். மூச்சு முட்டினால் இரண்டு அடி அடித்தால் அடைத்த மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். ஆனால் அடிக்கத் தெரிய வேண்டுமே. முப்பது வருடமாகப் பியூலா தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தாள். குலுக்கு, மூச்சை முழுக்க வெளியே விடு, உதட்டால் கவ்வு, அழுத்திக்கொண்டே மெதுவாக இழு, பத்து எண்ணும்வரை பிடி. ஜனங்களோ கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிற மாதிரி வாய்க்குள் அடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். மருந்தை நாக்கு குடித்தது, நுரையீரல் பட்டினி கிடந்தது.

அதற்குத்தான் ‘மூச்சுத் தோழன்’ வந்தது. உள்ளங்கை அகலத்தில் வெள்ளைக் கருவி. முதலில் மருந்தில்லாமல் ஒரு முறை இழுத்துக் காட்ட வேண்டும். அந்த இழுப்பைக் கருவி மாதிரி மூச்சோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும். எழுபதைத் தொட்டால் பச்சை விளக்கு எரியும், அடுத்த இழுப்பில் மருந்து வரும். தொடாவிட்டால் சிவப்பு. கூடவே ஒரு குரல்: “மூச்சு சரியில்லை. பதற்றப்படாமல் மீண்டும் இழுங்கள்.” அந்தக் குரலும் பியூலாவுடையதுதான். மக்கள் அதற்குத் தோழன் என்ற பெயரை உடனே மாற்றி ‘டீச்சரம்மா’ என்று வைத்துவிட்டார்கள். மேலச்சத்திரம் மாவட்டத்திலும் அக்கம்பக்கத்து இரண்டு மாவட்டங்களிலும் ஓராண்டாக அது நடப்பில் இருந்தது. வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து மாநிலம் முழுக்க வரப்போகிறது, அதன்பிறகு பழைய நீலப் பம்பு எந்த மாவட்டத்திலும் எந்தக் கடையிலும் கிடைக்காது என்று அறிவித்திருந்தார்கள்.

ஆபத்து அவசரத்துக்கு என்று மதிப்பெண் பார்க்காமல் மருந்து தரும் சிவப்புப் பொத்தான் ஒன்றும் முதலில் கருவியில் இருந்தது. அதை எடுக்கச் சொன்னவள் பியூலாவேதான். “பொத்தான் வெச்சீங்கன்னா ஒருத்தனும் ஒழுங்கா மூச்சு இழுக்க மாட்டான். எல்லாரும் பொத்தானைத்தான் அமுக்குவாங்க. எங்க ஊர் ஆளுகளை எனக்குத் தெரியும்” என்று சென்னைக் கூட்டத்தில் பேசினாள். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை அவள் பல நாள் அசைபோட்டாள்.

புதன்கிழமை வெளிநோயாளிகள் நாள். எந்த மருந்துக்கு முன்னும் நாடி பார்ப்பது பியூலாவின் வழக்கம்.

“கையை நீட்டு சீனியம்மா.”

ஸ்பின்னிங் பிரிவில் இருபது வருடம் நின்ற சீனியம்மா கையை நீட்டினாள். விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. நாடி நூற்றுப் பன்னிரண்டு.

“என்னத்துக்கு இப்படி நடுங்குற? நான் என்ன புலியா?”

“உங்களைப் பாத்தாலே அப்படித்தான் வருது சிஸ்டர்.”

பியூலாவுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. கண்டிப்பான வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்? சீனியம்மா தோழனை வாயில் வைத்து இழுத்தாள். தொண்ணூற்றைந்து. அடுத்தவர் கையும் நடுங்கியது, தொண்ணூற்று மூன்று. அதற்கடுத்தவர் நாடி நூற்றிருபது, மதிப்பெண் தொண்ணூற்றெட்டு. பயமிருக்கிற இடத்தில் படிப்பிருக்கும் என்று பியூலா தன் கொள்கையை இன்னொரு தடவை உறுதிசெய்துகொண்டாள்.

அவளைக் கண்டு நடுங்காத ஒரே ஆள் சோணைமுத்து. நாற்பத்தாறு வயது. நூற்பாலையில் புளோ ரூம் தொழிலாளி, அதாவது பஞ்சுப் பொதியைப் பிரித்து இயந்திரத்தில் கொட்டுகிற இடம். ஊரிலேயே தூசி அதிகமான அறை அதுதான். அவன் நாடி எழுபத்தாறு. நீட்டிய கை மேசை மாதிரி நின்றது. நெஞ்சு மட்டும் ஹார்மோனியமாக வாசித்தது. தோழன் அவனுக்கு நாற்பத்தெட்டு போட்டது.

“என்னப்பா இது? போன வாரம் அம்பத்திரண்டு, இந்த வாரம் நாப்பத்தெட்டு. படிக்கப் படிக்கக் கீழ போற பிள்ளைய உன்கிட்டத்தான் பாக்குறேன்.”

“நல்லா இருக்குற அன்னைக்கு எம்பது வருது சிஸ்டர். முட்டுற அன்னைக்குத்தான் வர மாட்டேங்குது. பசிச்சவனை எழுப்பி விட்டுட்டு ஏப்பம் விடுறவனுக்குப் பந்தி வெக்குது உங்க டீச்சரம்மா.”

“வாய் மட்டும் நூத்துக்கு நூறு. மத்தவங்களுக்கெல்லாம் வருதே, உனக்கு மட்டும் ஏன் வரல? வீட்ல பழகுறியா?”

“கண்ணாடி முன்னாடி நின்னு பழகுறேன். எம்பொண்டாட்டி பயந்துபோயிட்டா.”

“பழைய பம்பு ஏதும் வெச்சிருக்கியா? அதை அடிச்சு அடிச்சுத்தான் பழக்கம் கெட்டுப்போகுது.”

“நீங்க சொன்ன அன்னைக்கே ஆஸ்பத்திரிக் குப்பை போடுற செவப்புத் தொட்டில போட்டேனே. நீங்கதான பக்கத்துல நின்னீங்க.”

“நல்ல பிள்ளை” என்றாள் பியூலா. பயிற்சிக் குறைவு என்று அவன் சீட்டில் எழுதினாள். ஓராண்டில் அவன் சீட்டில் அவள் அதை எழுதுவது இருபதாவது தடவை.

இந்த இடத்தில் பியூலாவின் கைப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் மூக்குக் கண்ணாடி வைக்கும் டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். பியூலா கண்ணாடி போடுவதில்லை. அவளுக்குப் பார்வை நன்றாகவே இருந்தது. டப்பாவுக்குள் ஒரு நீலப் பம்பு இருந்தது.

பன்னிரண்டு வயதிலிருந்து அவளுக்கு வீசிங். வேலையில் சேரும்போது, மூச்சு நோய் ஏதும் இல்லை என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். அதன்பிறகு சொல்ல நேரம் வாய்க்கவில்லை, முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட. வழுக்கைத் தலையன் கூந்தல் தைலம் விற்றால் யார் வாங்குவார்கள் என்பது அவள் நியாயம். தோழன் வந்தபோது ஊரையே சிவப்புத் தொட்டிக்கு வரிசையில் நிறுத்திப் பழைய பம்புகளைப் போட வைத்தாள். தன்னுடையதை மட்டும் கண்ணாடி டப்பாவுக்கு மாற்றினாள். தீர்ந்தால், தோழன் இன்னும் போகாத மாவட்டத்துக்குப் பஸ் ஏறி, முக்காடு போடாத குறையாக வாங்கிவந்தாள். தோழனை அவள் தனக்காக ஒரு தடவைகூட வாயில் வைத்ததில்லை. வைத்தால் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். ஊருக்குத்தானே உபதேசம்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சோணைமுத்துவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவன் கட்டிப் பிடித்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது. ஒரு வார்த்தைக்கு மேல் அவனால் பேச முடியவில்லை. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபோது விசில் சத்தம்கூடக் கேட்கவில்லை என்பதுதான் பியூலாவைக் கலக்கியது. விசில் அடிக்கவும் கொஞ்சம் காற்று வேண்டும்.

அவள் கைகள் தாமாக வேலை செய்தன. ஆக்சிஜன், குழாயைத் திறக்கும் இரண்டு மருந்துகளைக் கலந்து புகையாக்கும் நெபுலைசர், நரம்பில் ஸ்டீராய்டு ஊசி. டாக்டர் வந்து பார்த்துவிட்டு இன்னொரு சுற்றுக் கொடுக்கச் சொன்னார். கூட வந்தவன் சுவரோரம் நின்று வேர்வையைத் துடைத்தான்.

“டீச்சரம்மாவை எத்தனை தடவை ஊதினான் தெரியுமா சிஸ்டர்? பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் செவப்பு. கடைசில மெசினைச் செவுத்துல எறியப் போனேன், இவன் விடல. சிஸ்டர் திட்டுவாங்கன்னு சொல்றான். அந்த நெலமையில!”

பியூலா கருவியை எடுத்துப் பதிவைப் பார்த்தாள். முப்பத்தொன்று, இருபத்தெட்டு, இருபத்தாறு, பத்தொன்பது. பதினோரு தடவை அவள் குரல் அவனிடம் பதற்றப்படாதே என்று சொல்லியிருந்தது.

ஒரு மணி நேரத்தில் உதட்டில் நிறம் திரும்பியது. சோணைமுத்து முகமூடியை விலக்கி இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தான்.

“கை நடுங்குது சிஸ்டர். நெஞ்சு படபடன்னு அடிக்குது. இது... வேற ஏதும் வந்திருச்சா?”

“ஒண்ணுமில்லப்பா. மருந்து உள்ள போயிருக்குன்னு அர்த்தம். குழாயைத் திறக்குற மருந்து அப்படித்தான், கையையும் ஆட்டிவிடும், நெஞ்சையும் ஓட்டிவிடும். அரைமணில அடங்கிரும்.”

“அப்ப சரி” என்றான். பிறகு, மன்னிப்புக் கேட்கிற குரலில், “நீங்க சொன்ன மாதிரியேதான் இழுத்தேன் சிஸ்டர். குலுக்கிட்டு, மூச்சை வெளிய விட்டுட்டு... உங்க சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இழுக்கத்தான் உள்ள எடமில்ல.”

பியூலா அவன் தலையணையைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டாள். அழுகை வந்தது. அழுதால் அவளுக்கும் வீசிங் வரும், அதனால் அழக்கூட முடியாது.

வராமலும் இல்லை. மதியத்துக்குள் நெஞ்சு இறுகிவிட்டது. அவள் பினாயில் வைக்கும் சின்ன அறைக்குப் போய்த் தாழ் போட்டாள், கண்ணாடி டப்பாவைத் திறந்தாள், பம்பைக் குலுக்கினாள். அப்போதுதான் சோணைமுத்துவின் தோழன் இன்னும் தன் கோட்டுப் பையில் இருப்பது தெரிந்தது. ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னால் கேட்டபோதும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பம்பைக் கீழே வைத்துவிட்டு, வாய் வைக்கும் குழாயைக் கழற்றிப் புதியது மாட்டி, தோழனை வாயில் வைத்து இழுத்தாள். முப்பது வருடம் பாடம் நடத்திய இழுப்பு, ஒரு குறை சொல்ல முடியாது.

“முப்பத்தொன்பது. மூச்சு சரியில்லை. பதற்றப்படாமல் மீண்டும் இழுங்கள்” என்றாள் பியூலா, கருவிக்குள்ளிருந்து.

அவள் மீண்டும் இழுத்தாள். முப்பத்தாறு.

“என் மூச்சுடீ அது” என்று அவள் கருவியைப் பார்த்துச் சீறினாள். சீறக் காற்றில்லாமல் பாதியில் இருமினாள். தன் குரலே தன்னைப் பெயிலாக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பிறகு நீலப் பம்பை எடுத்து இரண்டு அடி அடித்தாள். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் நின்றாள். முதலில் வழியைத் திற, ஐந்து நிமிடம் பொறு, பிறகு அடுத்த மருந்து. இதுவும் அவள் பாடம்தான். ஐந்து நிமிடம் முடிந்ததும் தோழனை மறுபடி வாயில் வைத்தாள்.

“நூற்றுக்கு நூறு. மிக நன்று.” பச்சை விளக்கு எரிந்தது.

அந்தப் பச்சை வெளிச்சத்தில் அவளுக்கு, தோழனுக்காகக் குரலும் மூச்சும் பதிந்த சென்னை ஒலிப்பதிவு அறை நினைவுக்கு வந்தது. புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாசனை மூக்கில் ஏறிய உடனே நெஞ்சு இறுகியது. கழிப்பறைக்குப் போகிறேன் என்று போய் இரண்டு அடி அடித்தாள், சட்டத்தை மீறாதவளாயிற்றே, கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம் நின்றாள். பிறகு வந்து, மாநிலமே மெச்சும் ஒரு மூச்சை இழுத்துக் கொடுத்தாள். ஆக, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது மருந்து வேலை செய்து முடித்த மூச்சு. மருந்து வேண்டும் என்று வருகிறவனிடம், மருந்து எடுத்தவன் மாதிரி மூச்சு விட்டுக் காட்டு, அப்புறம் தருகிறேன் என்று ஓராண்டாகக் கருவி சொல்லிக்கொண்டிருக்கிறது. அதுவும் அவள் குரலில்.

கருவியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. மருந்துதான் என்று அதை அவள் பொருட்படுத்தவில்லை.

அடுத்த புதன்கிழமை தோழனைச் செய்யும் நிறுவனத்திலிருந்து மகிழன் வந்தான். முப்பது வயதுப் பொறியாளர், மரியாதை தெரிந்தவன், பியூலாவின் நீலக் கோட்டை மாதிரி மூச்சாகத் தேர்ந்தெடுத்தவனும் அவன்தான். மாநிலம் முழுக்கக் கொண்டுபோகும் உத்தரவில் அன்று கையெழுத்து. அதற்காகச் சுகாதாரத் துறைப் பெண் அதிகாரி ஒருவரும் வந்து வெளிநோயாளிகள் கூடத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பியூலா மகிழனைத் தனியாக மருந்து அறைக்குள் அழைத்துச் சொல்லிவிட்டாள். கழிப்பறை, இரண்டு அடி, ஐந்து நிமிடம், சோணைமுத்துவின் பதினோரு சிவப்பு, தன் முப்பத்தொன்பது, நூறு எல்லாவற்றையும்.

மகிழன் கையிலிருந்த கணினிப் பலகையில் அவள் கோப்பைத் திறந்தான்.

“மேடம், உங்களுக்கு மூச்சு நோய் இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“ரெண்டு தடவை. வேலைல சேரும்போது ஒண்ணு, உங்ககிட்ட ஒண்ணு.”

“இது வெளிய தெரிஞ்சா விசாரணை வரும். ரிட்டயராக நாலு வருஷம்தானே இருக்கு? வேணும்னா சத்தமில்லாம வேற யாராவது நல்ல ஆரோக்கியமான ஆளோட மூச்சைப் பதிஞ்சுக்கலாம்.”

“அது இதைவிட மோசம் தம்பி. நோயே இல்லாதவன் மூச்சை வெச்சு நோயாளியை அளந்தா, ஒருத்தனும் தேறமாட்டான். அளவே தப்பு. முட்டுறவனுக்கு மொதல்ல மருந்து, அப்புறம்தான் பரீட்சை. நான் எடுக்கச் சொன்ன அந்தச் செவப்புப் பொத்தானைத் திரும்ப வையுங்க.”

“நான் நம்புறேன் மேடம். அவங்க நம்ப மாட்டாங்க.” அவன் கையிலிருந்த பலகையைத் திருப்பிக் காட்டினான். “இந்த மூணு மாவட்டத்துல நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு பேர் தேறியிருக்காங்க. முட்டுற நேரத்துலயும் தேறியிருக்காங்க. நீங்க சொல்றது சரின்னா அது எப்படி? ஒரு சோணைமுத்துவுக்காக யாரு உத்தரவை நிறுத்துவா? பயிற்சிக் குறைவுன்னு நீங்களே இருபது தடவை எழுதியிருக்கீங்க.”

பியூலாவின் கையெழுத்து அவளையே மடக்கிவிட்டது. கதவு வழியாகக் கூடத்தைப் பார்த்தாள். நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நாள் வார்டில் வைத்திருந்து நேற்று வீட்டுக்கு அனுப்பிய சோணைமுத்துவும் மூலையில் இருந்தான். அதிகாரியம்மா சீனியம்மாவிடம் தோழனைப் பற்றி ஏதோ கேட்டார். சீனியம்மா கருவியை எடுத்துக் காட்டினாள். கை வெடவெடவென்று ஆடியது. பக்கத்தில் இருந்தவரின் கையிலிருந்த சீட்டும் ஆடியது. மின்விசிறிக் காற்று என்று பார்த்தால், மின்விசிறி ஓடவில்லை.

கை நடுங்கினால் மருந்து உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

பியூலாவுக்கு உச்சந்தலையில் குட்டு விழுந்தது போலிருந்தது. நூற்றுப் பன்னிரண்டு, நூற்றிருபது, நூற்றுப் பதினெட்டு. ஓராண்டாக எல்லார் நாடியையும் தன் கையால் எண்ணி, தன் கையால் எழுதி, எல்லாம் தன்மேல் உள்ள பயம் என்று மகிழ்ந்துபோயிருக்கிறாள். முதலாண்டு மாணவிகூடக் கண்டுபிடித்திருப்பாள். முதலாண்டு மாணவிக்குச் சுவரில் படம் இல்லை, அதனால் கண் தெரிந்திருக்கும்.

அவள் மகிழனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“எல்லாரும் கையை நீட்டுங்க.”

பழக்கத்தில் நீட்டினார்கள். எண்பது கைகளில் பெரும்பாலானவை நடுங்கின. அதிகாரியம்மா ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

“இங்க பாருங்க” என்றாள் பியூலா. குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. “எனக்கு வீசிங் இருக்கு. பன்னண்டு வயசுலருந்து இருக்கு. அந்தச் செவுத்துல இருக்குற மூச்சு, மருந்தடிச்சுட்டு வந்து விட்ட மூச்சு. மருந்தடிக்காம போன வாரம் ஊதிப் பாத்தேன், முப்பத்தொம்பது. நான் பெயில்.”

எங்கோ ஒருவர் இருமினார். பியூலா கைப்பையைத் திறந்து, கண்ணாடி டப்பாவிலிருந்து நீலப் பம்பை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். முப்பது வருட மரியாதை மொத்தமும் அந்த உள்ளங்கையளவு பிளாஸ்டிக்கில் ஏறி நின்றது.

“உங்க யாரையும் நான் திட்ட மாட்டேன். திட்டுற யோக்கியதை எனக்கு இல்ல. என்னை மாதிரி ஒளிச்சு வெச்சிருக்கிறவங்க எடுத்துக் காட்டுங்க.”

சீனியம்மா அதிகாரியைப் பார்த்தாள், பியூலாவைப் பார்த்தாள். பிறகு ரவிக்கைக்குள் கைவிட்டு, சுருக்குப் பையைத் திறந்து ஒரு நீலப் பம்பை எடுத்தாள்.

“டீச்சரம்மா முன்னாடி ஊதுறதுக்குள்ள ரெண்டடி அடிச்சுக்கணும் சிஸ்டர். அப்பத்தான் பச்சை வரும். ஊருக்கே தெரியும்.”

அதன்பிறகு வரிசையாக வந்தன. சாப்பாட்டுத் தூக்கின் கீழ் அடுக்கிலிருந்து ஒன்று, வேட்டி மடிப்பிலிருந்து ஒன்று, வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒன்று. ஒருவர் குடையை விரித்து, கம்பியில் கட்டியிருந்ததை அவிழ்த்தார். மகிழன் எண்ண ஆரம்பித்து முப்பத்தாறில் நிறுத்திவிட்டுத் தன் பலகையை அணைத்தான்.

“அப்ப அன்னைக்குச் செவப்புத் தொட்டில போட்டதெல்லாம்?” என்றாள் பியூலா.

“அது தீந்துபோன காலிப் பம்பு சிஸ்டர்.”

“புதுசு எங்கருந்து வாங்குறீங்க?”

“நீங்க வாங்குற கடைலதான்” என்றாள் சீனியம்மா. “உங்களை அங்க ரெண்டு தடவை பாத்தேன். நீங்க சங்கடப்படுவீங்கன்னு தூணுக்குப் பின்னால நின்னுக்கிட்டேன்.”

அதிகாரியம்மா கையெழுத்துப் போடக் கொண்டுவந்த உத்தரவை உறைக்குள் திரும்ப வைத்தார். ஒன்றாம் தேதி வந்திருந்தால் அந்தக் கடையும் போயிருக்கும், பிறகு ஒரு மாதத்தில் மாநிலம் முழுக்கப் பச்சை விளக்கு அணைந்திருக்கும் என்று மகிழன் அவரிடம் தாழ்ந்த குரலில் விளக்கினான். விசாரணைக்குத் தேதி பிறகு சொல்கிறேன் என்று அவர் பியூலாவிடம் சொன்னார். சரிங்க மேடம் என்றாள். அவளுக்கு அப்போது அது காதில் சரியாக விழவில்லை. அவள் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூலையில் சோணைமுத்து எழுந்து நின்றிருந்தான். கூடம் முழுக்க நீலப் பம்புகளைப் பார்த்தான். சாப்பாட்டுத் தூக்கை, குடையை, சீனியம்மாவின் சுருக்குப் பையை. கடைசியாகப் பியூலாவின் கையில் இருந்ததை. அவன் கைகள் இரண்டும் வெறுமையாக, நடுக்கமில்லாமல் தொங்கின.

“சிஸ்டர்” என்றான். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். “நான் மட்டுந்தான் நெசமாப் போட்டேனா?”

பியூலா அவனிடம் நடந்து போனாள். ஒருவர் பம்பை இன்னொருவர் வாயில் வைக்கக் கூடாது என்பது அவள் பாடத்தில் முதல் பக்கம். அவள் தன் பம்பின் வாயைக் கழற்றி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, திரும்ப மாட்டி, அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

“ஆமாப்பா” என்றாள். “இந்த ஊர்லயே என் பேச்சைக் கேட்டவன் நீ ஒருத்தன்தான். நானே கேக்கல.”